மரப் பரணில் இருந்து வில்லால் காட்டுப்பன்றி: எவ்வளவு உயரம், எந்தக் கோணம்?

கொங்குவில் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்காவில் டெக்சஸின் மிலம் கவுண்டியில் (கவுண்டி நம் மாவட்டம் மாதிரி), லிட்டில் ரிவர் என்ற ஆற்றின் ஓரமாக, என்னோடு வேலை செய்பவரின் மாமனாருக்கு நிலம் இருக்கிறது. ஆற்றை ஒட்டி பெக்கான் மரங்களும் புதரும், அதைத் தாண்டினால் மக்காச்சோளக் காடு. விதைத்த வாரத்திலேயே பன்றிக் கூட்டம் வந்து வரிசை பிடித்து விதையைத் தோண்டித் தின்றுவிடுகிறது, மறுபடி விதைக்க வேண்டியிருக்கிறது என்று பெரியவர் நொந்துபோயிருக்கிறார். நான் வில் பழகுகிறேன் என்று தெரிந்ததும், "வா, எத்தனை வேண்டுமானாலும் அடி" என்று சொல்லிவிட்டார்.

என்னிடம் இருப்பது 55 பவுண்டு இழுவை காம்பவுண்ட் வில் (கப்பி வைத்த நவீன வில்), அம்பின் எடை முனையோடு சேர்த்து 400 கிரெய்ன், அதாவது சுமார் 26 கிராம். தரையில் நின்று 30 யார்டில் (ஒரு யார்டு மூன்றடி) அட்டையில் நன்றாகவே போடுகிறேன். ஆனால் உயிருள்ள எதையும் இதுவரை அடித்ததில்லை, மரத்தின் மேலிருந்து எய்ததும் இல்லை. நிலத்தில் ஏற்கனவே ஒரு போஸ்ட் ஓக் மரத்தில் ஏணிப் பரண் கட்டியிருக்கிறார்கள். உட்காரும் பலகை ஏறக்குறைய 18 அடி உயரம். சோளம் தூவுகிற தானியங்கி ஃபீடர் அதிலிருந்து எட்டுப் பத்து யார்டு தள்ளித்தான் இருக்கிறது.

என் கேள்விகள்: இந்த உயரமும் தூரமும் சரியா? எங்கே குறி வைக்க வேண்டும்? என் வில்லுக்கு இந்த வேலை தாங்குமா? நான் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன், சட்டப்படி ஏதும் சிக்கல் வருமா? குட்டிகளோடு வரும் தாய்ப்பன்றியை என்ன செய்வது? அடிபட்ட விலங்கு பாதி உயிரோடு புதருக்குள் போய்க் கிடந்து சாகக்கூடாது, அதுதான் எனக்குப் பெரிய கவலை.

பைன்காட்டுக்காரன் எழுதியது:

தம்பி, கடைசி வரியில் சொன்னீர்களே, அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லாக் கேள்விக்கும் பதில் அதற்குள்தான் இருக்கிறது.

பரணில் புதிதாக ஏறுகிறவர்கள் எல்லோரும் உயரம் கூடக் கூட நல்லது, பன்றி கிட்டே வர வர நல்லது என்று நினைக்கிறார்கள். துப்பாக்கிக்கு அது ஓரளவு சரி. வில்லுக்குச் சரியில்லை. 18 அடி உயரத்தில் உட்கார்ந்தால் உங்கள் கை 20 அடிக்கு மேல் வந்துவிடும். பன்றியின் உடம்பு தரையிலிருந்து இரண்டடி. பன்றி 5 யார்டில், அதாவது 15 அடியில் நின்றால் அம்பு கிட்டத்தட்ட 50 டிகிரி சரிவில் இறங்கும். முதுகுப் பக்கமாக நுழைந்து ஒரே ஒரு நுரையீரலைத் தொட்டுக்கொண்டு போய்விடும், இன்னொன்று தப்பித்துவிடும். ஒற்றை நுரையீரலோடு பன்றி எவ்வளவு தூரம் ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதே பன்றி 20 யார்டில் நின்றால் சரிவு 20 டிகிரிக்குள் வந்துவிடும், இரண்டு நுரையீரலும் அம்பின் வழியில் கிடைக்கும். ஆகவே ஃபீடரை நகர்த்துங்கள், அல்லது பரணை நகர்த்துங்கள். பெரியவரிடம் கேட்டு 18லிருந்து 20 யார்டுக்குள் கொண்டுவாருங்கள்.

அப்புறம் குறி. மான் வேட்டை வீடியோ பார்த்துவிட்டு வருகிறவர்கள் முன்சப்பைக்கு, அதாவது தோள்பட்டைக்கு, பின்னால் ஒரு சாண் விட்டு அடிக்கிறார்கள். மானுக்கு அங்கே நுரையீரல் இருக்கும். பன்றிக்கு அங்கே ஈரலும் வயிறும்தான். பன்றியின் நெஞ்சறை முழுவதும் முன்னாலும் கீழேயும் தள்ளி இருக்கிறது, நுரையீரலின் பெரும்பகுதியைச் சப்பை மூடிக்கொண்டிருக்கும். இதயம் முன்னங்கால் முட்டிக்கு நேர் மேலே, உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்கிறது. பக்கவாட்டில் நின்றால் முன்னங்காலின் பின் விளிம்பை ஒட்டி, கீழ் மூன்றில் ஒன்று முடிகிற உயரத்தில் குறி. அதைவிட நல்லது, பன்றி உங்களுக்குப் பின்பக்கத்தைக் கொஞ்சம் காட்டிச் சாய்வாக நிற்கும்போது அடிப்பது. அப்போது அம்பு எங்கே நுழைகிறது என்று பார்க்காதீர்கள். எதிர்ப்பக்க முன்னங்கால் எங்கே இருக்கிறதோ அங்கே வெளியே வர வேண்டும் என்று மனதில் கோடு போட்டுவிட்டு விடுங்கள். மேலிருந்து எய்கிறவனுக்கு இந்தப் பழக்கம் இல்லாமல் முடியாது.

வெளியேறும் துளை ஏன் முக்கியம் என்றால், பன்றியின் தோலுக்கடியில் இருக்கிற கொழுப்பு துளையை அடைத்துவிடும், முரட்டு மயிர் ரத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும். மேலே நுழைந்த துளை மட்டும் இருந்தால் ரத்தம் நெஞ்சுக்குள்ளேயே தேங்கும், தரையில் ஒரு சொட்டும் விழாது. கீழ்ப்பக்கம் ஊடுருவி வெளியே வந்திருந்தால்தான் தடம் பிடிக்க முடியும்.

55 பவுண்டு போதும், கவலை வேண்டாம். அம்பை 450 கிரெய்னுக்கு மேல் கொண்டுபோங்கள். முனை விரிகிற வகை வேண்டாம். விரிவதற்கே வேகத்தில் ஒரு பங்கு போய்விடும், 55 பவுண்டில் அதை வீணாக்க முடியாது. அசையாத பிளேடு, தொட்டவுடன் அறுக்கிற முனை, கை மயிரை மழிக்கிற கூர்மை.

ஹூஸ்டன்மணி எழுதியது:

சட்டம் மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். 2019 செப்டம்பர் 1 முதல் டெக்சஸில் தனியார் நிலத்தில், உரிமையாளர் அனுமதியோடு, காட்டுப்பன்றியை வேட்டையாட லைசென்ஸ் தேவையில்லை. வெளி மாநிலத்தவருக்கும் இதே விதிதான். அரசு நிலம் என்றால் லைசென்ஸ் வேண்டும். பன்றிக்குப் பருவமும் கிடையாது, எத்தனை என்ற வரம்பும் கிடையாது. தனியார் நிலத்தில் சோளம் போட்டு வரவழைக்கலாம், இரவிலும் அடிக்கலாம். இரவில் விளக்கோடு போவதாக இருந்தால் அந்தக் கவுண்டியின் கேம் வார்டனுக்கு (வேட்டைச் சட்ட அதிகாரி) முன்கூட்டி ஒரு போன் போட்டுவிடுங்கள். வெளிச்சத்தைப் பார்த்துப் பக்கத்து நிலத்துக்காரர் புகார் செய்தால் வீண் அலைச்சல்.

விசா விஷயம்: எச்-1பி மாதிரி குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை போடுகிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு விலக்கு உண்டு. வில் அந்தச் சட்டத்தின் கணக்கில் துப்பாக்கி இல்லை, ஆகவே நீங்கள் வில்லோடு போவதில் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் நண்பர் யாராவது "இதைக் கொஞ்சம் பிடி" என்று தன் ரைஃபிளை நீட்டினால் வாங்காதீர்கள்.

பின்னால் மான் வேட்டைக்கும் போகிற எண்ணம் இருந்தால் லைசென்ஸும் வேட்டைக் கல்வி வகுப்பும் எடுத்தாக வேண்டும். 1971 செப்டம்பர் 2 முதல் பிறந்தவர்களுக்கு அந்த வகுப்பு பொருந்தும். பன்றிக்காகவே என்றாலும் எடுத்து வைப்பது நல்லது.

பிரஷ்கண்ட்ரி எழுதியது:

பைன்காட்டுக்காரர் சொன்னதில் ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. சப்பையை ஒட்டிப் பின்னால் என்கிறார். நான் தெற்கு டெக்சஸில் வேட்டையாடுகிறவன். 600 கிரெய்னுக்கு மேல் அம்பு, 70 பவுண்டு வில், குறி நேராகச் சப்பையிலேயே. எலும்பை உடைத்துக்கொண்டு உள்ளே போகிறது, பன்றி அங்கேயே விழுகிறது. பின்னால் தள்ளி அடித்து வயிற்றில் பட்டுத் தேடிக்கொண்டு திரிவதைவிட இது மேல் என்பது என் கருத்து.

உயரம் பற்றி: எங்கள் பக்கம் மெஸ்கிட் மரம்தான், பரண் கட்டுகிற அளவுக்கு உயராது, ஆகவே முக்காலிப் பரண்தான் எல்லோரும் வைத்திருக்கிறார்கள். 10, 12 அடி. அதுவே தாராளமாகப் போதும். பன்றிக்குக் கண் பார்வை மந்தம், மேலே அண்ணாந்து பார்க்கிற பழக்கமும் குறைவு. 18 அடிக்குத் தேவையே இல்லை.

பைன்காட்டுக்காரன் எழுதியது:

பிரஷ்கண்ட்ரி அண்ணன் சொல்வது அவருடைய 70 பவுண்டு வில்லுக்கும் 600 கிரெய்ன் அம்புக்கும் சரி, மறுக்கவில்லை. கேள்வி கேட்ட தம்பியிடம் இருப்பது 55 பவுண்டு. வயதான ஆண் பன்றிக்குக் கழுத்திலிருந்து விலா வரை தோலுக்கடியில் குருத்தெலும்பு மாதிரி ஒரு கவசம் வளர்கிறது. ஆண் பன்றிகள் ஒன்றையொன்று கோரைப்பல்லால் குத்திச் சண்டை போடுவதால் வயது ஏற ஏற அது தடிக்கும், பெரிய பன்றியில் ஒரு அங்குலத்துக்கு மேலும் இருக்கும். அதன் மேல் சப்பை எலும்பு வேறு. தம்பியின் அம்பு அதில் பாதி வழியில் நின்றுவிட வாய்ப்பு உண்டு. அதனால்தான் பின்சாய்வாக நிற்கும் வரை காத்திரு என்கிறேன். அந்தக் கோணத்தில் அம்பு கவசத்தின் பின்பக்கமாக விலாவுக்குள் நுழைந்து முன்னோக்கிப் போகிறது. அப்படி நிற்காவிட்டால் விட வேண்டாம். நாணை மெதுவாக இறக்கிவிட்டு உட்காருங்கள்.

உயரம் பற்றி அண்ணன் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன்.

இன்னொன்று. மேலிருந்து எய்யும்போது கையை மட்டும் தாழ்த்தினால் நாண் வந்து நிற்கிற இடம் மாறி அம்பு விலகிப் போகும். முதலில் தரைக்குச் சமமாகக் குறி பிடித்து நாணை இழுத்து நிறுத்துங்கள், அப்புறம் இடுப்பை மடக்கி உடம்போடு குனியுங்கள். தூரத்தை மரத்தின் அடியில் நின்று அளந்துகொண்டு ஏறுங்கள். கிடைமட்டத் தூரம்தான் கணக்கு. வீட்டு மாடியோ மொட்டை மாடியோ கிடைத்தால், சேணம் (விழாமல் தாங்கும் பாதுகாப்புப் பட்டை, ஹார்னஸ்) மாட்டிக்கொண்டு அங்கிருந்து கீழே அட்டைக்கு அடித்துப் பழகுங்கள். இந்தப் பழக்கம் இல்லாமல் பரணில் ஏறவே கூடாது.

செவிலி_டாலஸ் எழுதியது:

யாரும் இன்னும் விழுவது பற்றிப் பேசவில்லை. நான் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பரணில் இருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்து வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலானவர்கள் உட்கார்ந்திருக்கும்போது விழுவதில்லை. ஏறும்போதும் இறங்கும்போதும், ஏணியிலிருந்து பலகைக்குக் கால் மாற்றும்போதும்தான் விழுகிறார்கள். மேலே போய்ச் சேர்ந்த பிறகு சேணத்தை மாட்டிக்கொண்டால் போதும் என்று நினைப்பது இதனால்தான் ஆபத்து. முழு உடம்புச் சேணம் வாங்குங்கள், வெறும் இடுப்புப் பட்டை வேண்டவே வேண்டாம். மரத்தடியிலிருந்து உட்காரும் இடத்துக்கு மேல் வரை ஒரு காப்புக் கயிறு கட்டி, அதில் புருசிக் முடிச்சில் (கையால் தள்ளினால் நகரும், பாரம் விழுந்தால் இறுகும் முடிச்சு) சேணத்தை இணைத்துக்கொண்டு, தரையில் கால் இருக்கும்போதே மாட்டிவிடுங்கள். முடிச்சை உங்களோடு மேலே தள்ளிக்கொண்டே போக வேண்டும். வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறக்கூடாது. தனிக் கயிற்றில் கட்டித் தரையில் வைத்துவிட்டு, மேலே போனபின் இழுத்துக்கொள்ளுங்கள், அம்புகள் மூடிய கூட்டுக்குள் இருக்கட்டும்.

சேணத்தில் தொங்கினால் ஆபத்து முடிந்துவிடவில்லை. கால்களில் ரத்தம் தேங்கி மயக்கம் வரும், அதிக நேரம் தொங்கினால் உயிருக்கே ஆபத்து. காலை ஊன்றிக்கொள்ளத் தனிப் பட்டை சேணத்தோடு வரும், அதைக் கையெட்டும் இடத்தில் வையுங்கள். போன் மேல் பையில் இருக்கட்டும். எந்த மரத்தில், எத்தனை மணி வரை இருப்பீர்கள் என்று வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். பரண் ஏற்கனவே கட்டியிருக்கிறது என்கிறீர்கள், வெயிலில் கிடந்த பட்டைகளை நம்பாதீர்கள், புதிது மாற்றுங்கள். பலகைக்கு அடியில் செங்குளவிக் கூடு இருக்கிறதா என்று பகலில் பாருங்கள். 18 அடியில் குளவி கொட்டினால் மனிதன் யோசிக்காமல் குதித்துவிடுவான். ஆற்றோர மரங்களில் தொட்டால் தோல் அரித்துக் கொப்பளிக்கிற பாய்சன் ஐவி கொடி ஏறியிருக்கும், மூன்று மூன்று இலையாக இருப்பதைத் தொடாதீர்கள்.

அடுத்தது அறுப்பு. காட்டுப்பன்றியிடமிருந்து புரூசெல்லோசிஸ் என்ற பாக்டீரியா நோய் மனிதனுக்கு வரும். ரத்தம், கர்ப்பப்பை நீர் இவை கையில் உள்ள சிறு கீறல் வழியாகவோ கண் வழியாகவோ போனாலே போதும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டுதான் வயிற்றைக் கீற வேண்டும். சினைப் பன்றி என்றால் இன்னும் கவனம். பல வாரங்கள் கழித்துக்கூட விட்டு விட்டுக் காய்ச்சல், இரவில் வியர்வை, மூட்டு வலி வரலாம். அப்போது மருத்துவரிடம் காட்டுப்பன்றி அறுத்தேன் என்று நீங்களாகவே சொல்ல வேண்டும், அவருக்கு அது தோன்றாது. ஃப்ரீசரில் வைப்பதால் இந்தக் கிருமி சாகாது. கறியின் உள்ளே 160 டிகிரி பாரன்ஹீட் வரை வேக வேண்டும். நம் வீட்டுக் குக்கரில் வேகவைத்து, மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு வறுப்பதில் பயமில்லை. பச்சைக் கறியை நாய்க்குப் போடாதீர்கள், அதற்கும் தொற்றும்.

பிராசோஸ் விவசாயி எழுதியது:

நான் வேட்டைக்காரன் இல்லை, பொறி வைக்கிறவன். பெரியவரின் சோளத்தைக் காப்பாற்றுவது நோக்கம் என்றால் வில் மட்டும் போதாது என்பதைச் சொல்லியாக வேண்டும். டெக்சஸில் 20 லட்சத்துக்கும் மேல் காட்டுப்பன்றி இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். 1539இல் ஹெர்னான்டோ டி சோட்டோ ஃப்ளோரிடாவில் இறங்கும்போது கொண்டுவந்த பன்றிகள் முதல், திறந்த வெளியில் விட்டு வளர்த்த வீட்டுப் பன்றிகள், 1930களில் வேட்டைக்கென்றே டெக்சஸுக்குக் கொண்டுவந்த ஐரோப்பியக் காட்டுப்பன்றி வரை எல்லாம் கலந்த இனம் இது. சினைக்காலம் 115 நாள்தான். ஒரு நிலத்தில் ஆண்டுக்கு மூன்றில் இரண்டு பங்கை எடுத்தால்தான் எண்ணிக்கை ஏறாமலாவது நிற்கும் என்று கணக்குச் சொல்கிறார்கள். ஒரு மாலையில் ஒரு அம்பு, ஒரு பன்றி, மீதிக் கூட்டம் உஷாராகி இரவுக்கு மாறிவிடும்.

ஆகவே கூட்டத்தை மொத்தமாகப் பிடிக்கிற பெரிய வட்டப் பொறி வைக்கச் சொல்லுங்கள். கேமராவில் பார்த்து, எல்லாம் உள்ளே வந்தபின் கதவைப் போன் வழியாக விழவைக்கிற வகை இருக்கிறது. பாதிக் கூட்டம் மாட்டினால் மீதி அந்தப் பக்கமே வராது, அதனால்தான் அவசரப்படக்கூடாது. பொறிக்காகச் சோளம் போட்டுப் பழக்குகிற இடத்தில் நீங்கள் வில்லோடு உட்காராதீர்கள். தனியாகத் திரிகிற ஆண் பன்றிகள் பொறியில் அவ்வளவாகச் சிக்காது, அவற்றை நீங்கள் எடுங்கள். பெரியவருக்கு அது உண்மையான உதவி.

குட்டியோடு வரும் தாய் பற்றிக் கேட்டீர்கள். நிலத்துக்காரன் பார்வையில் அதுதான் முதலில் போக வேண்டியது. ஆனால் பால் குடிக்கிற குட்டிகள் பட்டினியில் சாகும். பொறியில் தாயும் குட்டியும் சேர்ந்தே மாட்டும், உடனே முடித்துவிடலாம். தாயைப் பொறிக்கு விடுங்கள் என்பதுதான் என் கருத்து.

கொங்குவில் எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. புதிய சேணமும் காப்புக் கயிறும் இன்றைக்கே வாங்குகிறேன், அம்புகளையும் கனமாக்குகிறேன். பெரியவரிடம் பேசினேன், ஃபீடரை நகர்த்தச் சம்மதித்துவிட்டார். பொறி வைக்கிற யோசனையும் அவருக்குப் பிடித்திருக்கிறது. இரண்டு சந்தேகம். காற்றை எப்படிக் கணக்கிடுவது? அடித்த பிறகு எவ்வளவு நேரம் காத்திருப்பது?

ஊரில் சோளமும் கடலையும் போடுகிற என் சித்தப்பா இதைக் கேட்டுவிட்டு, அங்கேயும் பரணில் உட்கார்ந்து இப்படிச் செய்யலாமா என்கிறார்.

பைன்காட்டுக்காரன் எழுதியது:

சித்தப்பாவிடம் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காட்டுப்பன்றி பாதுகாக்கப்பட்ட விலங்கு. பயிர்ச்சேதத்துக்கு வனத்துறையிடம்தான் போக வேண்டும். தானாக வில்லெடுத்தால் வழக்குதான். அங்கே பன்றி அந்த மண்ணின் விலங்கு, புலிக்கும் சிறுத்தைக்கும் இரை. இங்கே மனிதன் கொண்டுவந்து விட்டது. இரண்டையும் ஒன்றாகப் பார்க்க முடியாது.

காற்று: பன்றியின் மோப்பத்துக்கு முன்னால் உங்கள் வில், உயரம், உடை எதுவும் நிற்காது. உங்கள் பக்கம் பெரும்பாலான நாட்கள் தெற்கு, தென்கிழக்குக் காற்று. குளிர்காலத்தில் நார்தர் என்கிற குளிர்காற்று வந்தால் வடக்கிலிருந்து வீசும். தெற்குக் காற்றில் ஃபீடருக்கு வடக்கே நீங்கள் இருக்க வேண்டும். பெரிய ஆண் பன்றி நேராகச் சோளத்துக்கு வராது, காற்று வாக்கில் ஒரு சுற்று சுற்றி மோப்பம் பிடித்துவிட்டுத்தான் வரும், ஆகவே உங்களுக்குப் பின்னால் அது நடக்க வசதி இல்லாத இடமாக, தண்ணீரோ திறந்த வயலோ இருக்கும்படி பாருங்கள். மாலை வெயில் இறங்கியதும் குளிர்ந்த காற்று பள்ளத்தை நோக்கி, அதாவது ஆற்றுப் பக்கம் வழியும். மதியம் சரியாக இருந்த பரண் இருட்டும்போது தவறாகிவிடுவது இதனால்தான். ஒரு சின்னப் புட்டியில் டால்கம் பவுடர் வைத்துக்கொண்டு அடிக்கடி ஊதிப் பாருங்கள். காற்று திரும்பிவிட்டால் இறங்கி வந்துவிடுங்கள்.

சோளத்தைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் புளிக்க வைத்து, கம்பம் நடுகிற துளைக்கருவியால் ஆழமாகக் குழி போட்டு அதற்குள் கொட்டுங்கள். தலையைக் குழிக்குள் விட்டுக்கொண்டு நெடுநேரம் நிற்கும், குழியைச் சுற்றிச் சுற்றி வரும். நாணை இழுக்கவும் நேரம் கிடைக்கும், நீங்கள் காத்திருக்கிற கோணமும் வரும். வில்லில் அம்பு படுகிற இடத்தில் மெத்தென்ற ஃபெல்ட் ஒட்டுங்கள். உலோகத்தில் அம்பு உரசுகிற சத்தம் 20 யார்டில் அதற்கு நன்றாகவே கேட்கும்.

அடித்த பிறகு: ஓடிய திசையில் ஒரு மரத்தையோ புதரையோ அடையாளம் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் அசையாமல் இருங்கள். இறங்கி முதலில் அம்பைத் தேடிப் பாருங்கள். நுரை கலந்த இளஞ்சிவப்பு ரத்தம் என்றால் நுரையீரல், தொடரலாம். கருஞ்சிவப்பு என்றால் ஈரல், இன்னும் சில மணி நேரம் பொறுக்க வேண்டும். பச்சையும் துர்நாற்றமும் இருந்தால் குடல், அதற்கு இன்னும் அதிக நேரம். கோடையில் கறி கெட்டுப்போகலாம், பரவாயில்லை, அவசரப்பட்டு எழுப்பிவிட்டால் அடுத்த கவுண்டிக்கே போய்விடும். அடர்ந்த புதருக்குள் தனியாக, இருட்டில் போக வேண்டாம். காயப்பட்ட ஆண் பன்றி நெருங்கினால் பாய்ந்து வரும், கோரைப்பல் தொடை மட்டத்துக்கு வரும். துணைக்குப் பெரியவரின் மருமகனைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

பிரஷ்கண்ட்ரி எழுதியது:

தெற்குக் காற்றுக்கு இப்போதைய போஸ்ட் ஓக் சரியான பக்கத்தில் இல்லை என்றால் ஃபீடரை மட்டும் நகர்த்திப் பயனில்லை, பரணையே மாற்றியாக வேண்டும். ஒரு அடி விட்டமாவது உள்ள, நேரான, உயிருள்ள மரமாகப் பாருங்கள். பெக்கானில் கட்டாதீர்கள், அதன் கிளைகள் காற்றில்லாத நாளிலும் முறிந்து விழும். ஏணிப் பரணைத் தூக்கி நிறுத்த மூன்று பேர் வேண்டும், இரண்டு பேரோடு முயற்சி செய்யாதீர்கள்.